கல்லூரி மாணவர்கள் கட்டிய நியூட்ரான் கருவி: ‘மோனா’வில் என்ன ஸ்பெஷல்?

அணுக்கரு ஆராய்ச்சி என்றாலே முனைவர் பட்டம், பிரம்மாண்ட ஆய்வகம் என்றுதான் நினைப்போம். காலேஜ் படிக்கிற பசங்களுக்கு அங்கே என்ன வேலை? அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட ‘மோனா’ கருவியைக் கட்டியதே அவர்கள்தான்.

மோனா என்பது என்ன?

நியூட்ரான்களைக் கண்டறியும் கருவி. மொத்தம் 144 பிளாஸ்டிக் கட்டைகள். ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம். அகலமும் உயரமும் தலா 10 செ.மீ. 2000-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கியபோது, கட்டைகளைப் பல கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுத்தனர். பெரும்பாலானவை இளநிலைப் படிப்பை மையமாகக் கொண்ட கல்லூரிகள். பேராசிரியர்கள் வழிகாட்ட, மாணவர்கள் கருவிகளைப் பொருத்திச் சோதித்தனர். பிறகு எல்லாம் மிச்சிகனில் ஒன்றுசேர்ந்தன.

எப்படி வேலை செய்கிறது?

நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது. அதனால் நேரடியாகச் சிக்காது. ஆனால் பிளாஸ்டிக்கில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருவில் மோதி அதைத் தள்ளிவிட்டால், மெல்லிய ஒளி மின்னும். கட்டையின் இரு முனைகளிலும் உள்ள ஒளி உணரிகள் அதைப் பிடிக்கும். எந்த முனைக்கு ஒளி முதலில் வந்தது, எவ்வளவு முந்தி வந்தது என்பதை வைத்து மோதிய இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

சரி, கருவியின் அளவீடு சரியா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கு உதவுவது காஸ்மிக் கதிர்கள். வானத்திலிருந்து எந்நேரமும் முயான் துகள்கள் பொழிந்துகொண்டே இருக்கின்றன. செலவே இல்லாத சோதனைக் கதிர் இது!

பலன் கிடைத்ததா?

கிடைத்தது. பெரிலியம்-16 அணுக்கரு சிதையும்போது இரண்டு நியூட்ரான்கள் ஜோடியாக வெளியேறுவதற்கான சான்றை 2012-ல் வெளியிட்ட ஆய்வில், நியூட்ரான்களைப் பிடித்தது மோனாதான். பரிசோதனைகள் நடக்கும்போது இளநிலை மாணவர்களும் ஷிஃப்ட் போட்டு வேலை பார்க்கிறார்கள்.

லேப் வகுப்பிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

லேப் வகுப்பில் வரவேண்டிய விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். தப்பு செய்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். இங்கே விடை பேராசிரியருக்கும் தெரியாது. ஒரு கட்டையைச் சரியாகச் சோதிக்காவிட்டால் மொத்தக் குழுவின் தரவும் பாதிக்கப்படும். அந்தப் பொறுப்பை 19, 20 வயதில் ஒப்படைப்பதுதான் மோனா தரும் பயிற்சி.

துகள் முடுக்கியை எல்லாக் கல்லூரியிலும் வைக்க முடியாது. 2 மீட்டர் கட்டை ஒன்றை மேசைமேல் வைக்க முடியும். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு பேராசிரியர் இருந்தால் போதும்.