மின்தூக்கிச் சிக்கனமும் அதற்கான சான்றும்

அந்தமான் நிகோபார் தீவுகள் தேசிய மின் தொகுப்புடன் இணைக்கப்படாதவை. 2001-ல் வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் கல்போங் நீர்மின் நிலையமும், 2020-ல் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையமும் அமைக்கப்பட்டன. எனினும், மின்சாரத்தின் பெரும்பகுதி கப்பலில் வரும் டீசலைக் கொண்டே உற்பத்தி செய்யப்படுகிறது. ஆகவே, கட்டிடங்களில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் டீசல் சேமிப்பே ஆகும்.

மின்தூக்கியை எடுத்துக்கொள்வோம். பற்சக்கரமில்லா நிரந்தரக் காந்த மோட்டாரும், அதன் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் மின்னணுக் கருவியும் ஓட்டச் செலவைக் குறைக்கின்றன. ஆனால், மாடிகள் குறைந்த கட்டிடங்களில் மின்தூக்கி பெரும்பாலும் சும்மா நிற்கிறது. அப்போதும் விளக்கு, விசிறி, கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றுக்கு மின்சாரம் செலவாகிறது.

உதாரணமாக, நாளொன்றுக்கு 20 மணி நேரம் நிற்கும் மின்தூக்கியின் காத்திருப்புச் செலவை 200 வாட்டிலிருந்து 50 வாட்டாகக் குறைத்தால், ஆண்டுக்கு 1,095 யூனிட் மிஞ்சும். ஒரு லிட்டர் டீசலில் மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை கிடைப்பதாகக் கொண்டால், இது சுமார் 300 லிட்டர் டீசலுக்குச் சமம்.

கிருஹா போன்ற பசுமைக் கட்டிடச் சான்றிதழ் கோருவோர், தயாரிப்பாளரின் விளம்பர ஏட்டை மட்டும் நம்பலாகாது. சர்வதேசத் தர அமைப்பின் 25745 எண் தரநிலையில், 2012-ல் வெளியான முதற்பகுதி ஓட்டச் செலவையும் காத்திருப்புச் செலவையும் அளவிடும் முறையைக் கூறுகிறது. 2015-ல் வெளியான இரண்டாம் பகுதி, அன்றாடப் பயணங்களைக் கணக்கிட்டு, மின்தூக்கிகளை ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை வகைப்படுத்துகிறது.

ஒப்பீட்டுக்குரிய மின்தூக்கியும் அதே சுமை, வேகம், உயரம், பயண எண்ணிக்கை கொண்டதாக இருத்தல் அவசியம். மின்தூக்கிக்குத் தனி மீட்டர் பொருத்தி, ஆண்டு முழுவதும் குறித்துவரும் அளவே நம்பகமான ஆவணமாகும். காகிதத்தில் மட்டும் காட்டப்படும் சிக்கனம் தீவுகளின் டீசல் தேவையைக் குறைக்காது.