வீட்டு வேலைக்குப் போன யாழினி: ‘தீபன்’ படத்தில் மொழி என்ன செய்கிறது?

காஞ்சிபுரம் காந்தி ரோடு பட்டுக்கடைகளில் மொழி ஒரு பிரச்சினையே இல்லை. கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் இந்தி, கடைசியில் கால்குலேட்டர். வியாபாரம் முடிந்துவிடும். ஆனால், மொழி தெரியாத நாட்டில் யாரோ ஒருவர் வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனால்?

2004-ல் வந்த ஹாலிவுட் காமெடி டிராமா ‘ஸ்பேங்லிஷ்’ இதைத்தான் பேசியது. மெக்சிகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து வீட்டு வேலை பார்க்கும் ஃப்ளோர், தன்னைக் கேட்காமல் மகளுக்குப் பணம் கொடுத்த முதலாளியைத் திட்டுகிறாள். அந்தத் திட்டை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவள் அதே மகள்! சிரிப்பு வரும். கொஞ்சம் உறுத்தவும் செய்யும்.

தமிழில் இதற்கு நெருக்கமானது, பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓடியாரின் ‘தீபன்’. 2015 கான் விழாவில் தங்கப் பனை வென்ற படம். காமெடி இல்லைதான், ஆனால் வசனம் பெரும்பாலும் தமிழ்.

கதை என்ன? இலங்கைப் போர் முடியும் நேரம். இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகளை வைத்து, முன்பின் தெரியாத மூன்று பேர் கணவன், மனைவி, மகளாக பிரான்ஸ் போகிறார்கள். தீபனாக வருபவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அகதி விண்ணப்பத்தின்போது அவர் சொல்லும் கதை எடுபடாது என்று, மொழிபெயர்ப்பாளரே வேறு கதை சொல்லித் தருகிறார். மொழி தெரிந்தவர் கையில்தான் எல்லாம்!

யாழினி (காளீஸ்வரி சீனிவாசன்) பாரிஸ் புறநகர் அடுக்குமாடி ஒன்றில், உடம்பு முடியாத பெரியவருக்குச் சமைக்கப் போகிறாள். அக்கம்பக்கத்துப் பெண்களைப் பார்த்து தலையில் முக்காடு போட்டுக்கொள்கிறாள். பள்ளிக்குப் போகும் சிறுமி இளையாள்தான் பிரெஞ்சை முதலில் பிடித்துக்கொள்கிறாள்.

பெரியவரின் உறவுக்காரன் பிராகிம், போதைப்பொருள் கும்பல்காரன். அவன் பிரெஞ்சில் பேச, இவள் தமிழில் பேசுகிறாள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. அதனாலேயே மனசில் இருப்பதைத் தயங்காமல் சொல்லிவிட முடிகிறது. படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

இன்னொன்று: மற்றவர்கள் சொல்லும் ஜோக்குக்குத் தனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று தீபன் குழம்புகிறான். பிரச்சினை பிரெஞ்சு இல்லை, தமிழிலும் உனக்கு நகைச்சுவை வராது என்கிறாள் யாழினி! போலிக் கல்யாணம் நிஜப் புருஷன் பொண்டாட்டிச் சண்டையாக மாறும் இடம்.

பிறகு படம் துப்பாக்கிச் சண்டைக்குப் போய்விடுகிறது. அந்த கிளைமாக்ஸை விமர்சகர்கள் பலர் ஏற்கவில்லை. எனக்கும் அந்தச் சமையலறை அளவுக்கு அது ஒட்டவில்லை.