பட்டிக்குப் பின்னால் இத்துப்போகும் தகரம்

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கரைமீறி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களுக்குள் புகுந்தது. வாசலில் நின்ற கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் இன்ஜினைப் பிரித்தார்கள், வயரிங்கை மாற்றினார்கள், சீட்டுகளைக் கழற்றி வெயிலில் காயவைத்தார்கள். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் ரன்னிங் போர்டின் உட்புறத்தைக் கழுவியவர்கள் மிகக் குறைவு. அது தகரத்தை மடித்து மூடிய கூடு. உள்ளே புகுந்த சேறு தானாக வெளியே வராது. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அங்கேயே கிடந்து தகரத்தைத் தின்னும். சில ஆண்டுகள் கழித்து வெளிப்பக்கப் பெயின்ட் கொப்புளமாக எழும்பும்போதுதான் சேதி தெரியவரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் முடிச்சூரோடு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளை இப்போதே கீழிருந்து பார்த்துவிடுவது நல்லது.

துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. தகரத்தின் ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகரத்தின் வழியாகவே வேறோர் இடத்துக்குப் போய், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடை உண்டாக்குகின்றன. இருபுறத்து விளைபொருள்களும் சந்திக்கும் இடத்தில் பழுப்புத் துரு படிகிறது. ஆகவே துரு தெரியும் இடத்தில்தான் உலோகம் குறைகிறது என்று நினைத்துவிடக் கூடாது.

கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யு.ஆர். எவான்ஸ் இதை ஒரே ஒரு உப்புநீர்த் துளியில் காட்டினார். துளியில் பினாப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்து, தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டின்மேல் விட்டால், சற்று நேரத்தில் துளியின் விளிம்பு இளஞ்சிவப்பாகும், நடுப்பகுதி நீலமாகும். விளிம்பில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாகச் சேர்வதால் ஹைட்ராக்சைடு அங்கே உருவாகிறது. ஆக்சிஜன் எட்டாத நடுவில் இரும்பு கரைகிறது. இரண்டுக்கும் இடையில் துரு வளையம். பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்தே ஆசிரியர்கள் இதைச் செய்து காட்டலாம்.

காரில் இதன் பொருள் இதுதான்: காற்றுபடும் பரப்பைவிட, ஈரம் இருந்தும் காற்று குறைந்த இடுக்குகளே முதலில் ஓட்டையாகின்றன. சேற்றுக்கு அடியில், இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில், கதவின் கீழ்விளிம்பு மடிப்பில், மட்கார்டின் உள்வளைவில். மேடுபள்ளத்தை நிரவப் பூசும் பட்டி விரிசல் விட்டால், அதற்கு அடியிலும் அப்படியே. துருவின் கனஅளவு, அது உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்குவரை பெருகும். அந்த வீக்கம்தான் பெயின்டைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது.

உப்பு இந்த வினையை விரைவுபடுத்துகிறது. கரைந்த உப்பு நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டுவதோடு, குளோரைடு அயனிகள் இரும்பின்மேல் படியும் காப்புப் படலத்தையும் உடைக்கின்றன. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் தானே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கும் நேரம் அரிது. நீலாங்கரையில் கடல் பார்த்து நிற்கும் காரின்மேல் உப்புப் படிந்தால், மழையே பெய்யாத நாளிலும் அது ஈரமாகத்தான் இருக்கும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தினர் மண்டபத்தில் கடலோரக் களம் அமைத்து உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்துச் சோதிப்பது இந்த அரிமானத்தை அளக்கத்தான்.

தாம்பரம் கடலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடற்காற்று சுமந்துவரும் உப்பு கரையைத் தாண்டியதும் வெகு வேகமாகக் குறைந்துவிடும். இங்கே உப்பு வேறு வழியில் வருகிறது. தென்புறநகரில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதில் காரைக் கழுவி, துடைக்காமல் நிழலில் நிறுத்தினால் நீர் ஆவியாகிப் போகும். குளோரைடு மடிப்புகளில் சேர்ந்துகொண்டே வரும். காருக்குள்ளிருந்தும் ஈரம் வருகிறது. ஏ.சி.யிலிருந்து நீர் வடியும் ரப்பர் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால், அந்தத் தண்ணீர் முன்சீட்டுக்காரரின் கால்மாட்டில் விரிப்புக்கு அடியில் இறங்கும். மேலே ரப்பர் மேட் மூடியிருக்கும். மாதக்கணக்கில் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. தரைத்தகரம் மேலிருந்து கீழாக இத்துப்போகும்.

தாம்பரம் வட்டாரத்துக்குக் கார் தகரத்தோடு பழைய உறவு உண்டு. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டே அதன் மூலம். அங்கே டிரையம்ஃப் தயாரிப்பாளர்களுக்கு உடற்கூடு செய்து தந்த நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போய்விட, ஒரே கூடாக அழுத்திச் செய்ய ஆள் இல்லாமல், தனிச் சட்டத்தின்மேல் துண்டு துண்டான பகுதிகளை போல்ட் போட்டு இணைக்கும்படி வடிவமைத்தார்கள். அந்த நெருக்கடியில் பிறந்த வடிவம் துரு வேலைக்கு வரமாக அமைந்தது. இத்துப்போன பகுதியைக் கழற்றி, பின்பக்கத்தைச் சுரண்டி, பெயின்ட் அடித்துத் திரும்பப் பூட்டலாம். சட்டம் திடமாக இருந்தால் வண்டி நிற்கும்.

மாருதி 800, சான்ட்ரோ, மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஐகான் ஆகியவற்றில் தனிச் சட்டம் கிடையாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள தகரங்களை மடித்து, ஸ்பாட் வெல்டு அடித்து உண்டாக்கிய கூடே வண்டியின் முதுகெலும்பு. ரன்னிங் போர்டு அந்தக் கூட்டின் முக்கியமான தூண். பக்கவாட்டில் மோதினால் தாங்க வேண்டியது அதுதான். அங்கே ஓட்டை விழுந்தால் அழகு கெட்டதாக நினைத்து விட்டுவிட முடியாது.

தனிநபர் கார் பதிவு 15 ஆண்டில் முடிகிறது. புதுப்பிக்க வண்டியைத் தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டக் கொண்டுபோக வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்ந்தது. செலவு ஏறிய நிலையில், பளபளப்பாகக் காட்டினால் போதும் என்று உரிமையாளர் நினைப்பது இயல்பு. ஓட்டைக்குள் கம்பி வலையோ நாரோ திணித்து, மேலே பட்டி பூசி, வாட்டர் பேப்பரால் தேய்த்துப் பெயின்ட் அடிப்பது அப்போதுதான் நடக்கிறது. பட்டியின் பெரும்பகுதி டால்க் பொடியும் பாலியெஸ்டர் பிசினும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கத்திலிருந்து வரும் நீரைத் துருவுக்கு அருகிலேயே பிடித்துவைக்கும். முன்பக்கம் புதுக் கார், உள்ளே எவான்ஸின் துளியின் நடுப்பகுதி. என்னைக் கேட்டால், இது பழுதுபார்ப்பு அல்ல. பட்டி, ஒடுக்கு எடுத்த பின் மிஞ்சும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேடுபள்ளத்தை நிரவுவதற்கான பொருள். ஓட்டையை அடைக்க அதற்குத் தகுதி கிடையாது.

சரியான வேலை வெட்டுவதில் தொடங்குகிறது. பளபளக்கும் நல்ல உலோகம் தெரியும்வரை இத்துப்போன தகரத்தை எடுத்துவிட வேண்டும். அதே தடிமனில் புதுத்தகரத்தை வளைத்து, அல்லது புதுப்பேட்டையில் கிடைக்கும் நல்ல பழைய பேனலிலிருந்து அறுத்து வந்து பொருத்த வேண்டும். கேஸ் வெல்டிங்கின் சூடு மெல்லிய தகரம் முழுக்கப் பரவி அதை நெளியவைக்கும். சி.ஓ.2 வெல்டிங்கில் விட்டுவிட்டுப் புள்ளி வைத்து இணைத்தால் நெளிவு குறையும். இரண்டு முறையிலும் சூட்டில் பின்பக்கத்துப் பெயின்ட் கருகி உதிரும். தொழிற்சாலையில் முழு உடலையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்திப் படியவைத்த முதல் பூச்சு அது. அந்த இடத்தில் கூட்டுக்குள் வெற்று இரும்பு நிற்கும். வெளியே எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்திருந்தாலும், உள்ளே குழாய் விட்டுத் துத்தநாகம் கலந்த பிரைமரும் அதன்மேல் மெழுகுப் பூச்சும் அடிக்காவிட்டால், அடுத்த ஓட்டை வெல்டிங் கோட்டை ஒட்டியே விழும். துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை இழப்பதால், தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும்.

வெட்டத் தேவையில்லாத மேல்துருவுக்கு ரசாயனம் உதவும். கடுக்காய்ச் சாறு ஏற்றிய துணியில் இரும்புக் கரைசல் பட்டால் கறுப்பாகும். கலம்காரிக் கலைஞர்கள் கறுப்புக் கோடு வரைவது அந்த வினையால்தான். கடுக்காயில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து இறுகிய கருநீலச் சேர்மமாகிறது. கடையில் விற்கும் துருமாற்றித் திரவங்களில் பல, டானிக் அமிலத்தையோ பாஸ்பாரிக் அமிலத்தையோ கொண்டு இதே வகை வேலையைச் செய்கின்றன. உதிரும் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகு பூசினால்தான் பலன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றித் துருவை எடுப்பது வேகமான வழி. மடிப்புகளில் அது விட்டுச்செல்லும் குளோரைடு புதுத்துருவுக்கு வித்து.

பெயின்ட் அடிப்பவரின் நுரையீரலைப் பற்றியும் பேசியாக வேண்டும். இன்று பரவலாக அடிக்கும் இரண்டு டப்பா பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தொழில்வழி ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் அறியப்பட்ட காரணங்களில் அது ஒன்று. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைத்துவிடும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. காற்றுக்குழாய் பொருத்திய முகமூடி வேண்டும். வண்டியை விடும் நாமே அதைக் கேட்டு, அதற்கான கூலியையும் கொடுக்க வேண்டும்.

பட்டறைக்குப் போனால் மூன்று கோரிக்கை வையுங்கள். வெட்டியெடுத்த தகரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பட்டி பூசுவதற்கு முன் வெல்டிங்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூட்டுக்குள் மெழுகு அடித்த துளை எது என்று கேளுங்கள். தகர வேலை தெரிந்த நல்ல டிங்கர் மூன்றையும் தயங்காமல் செய்வார். வேலையை மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கால ஈரத்தில் பிரைமர் சரியாகப் பிடிக்காது. ஐப்பசி மழை தொடங்கும் முன் கதவின் அடிவிளிம்பிலும் ரன்னிங் போர்டின் கீழும் இருக்கும் வடிதுளைகளை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். அண்டர்பாடி கோட்டிங் அடித்த வண்டியாக இருந்தால் கட்டாயம் பாருங்கள். அந்தக் கறுப்புப் பூச்சே பல வண்டிகளில் துளையை அடைத்திருக்கும்.