மாற்றுச் சிறுநீரகமும் மின்னி பே மழையும்

உறுப்பு மாற்று மருத்துவத்தில் வந்திருக்கும் புதுமைகளைப் பற்றி எழுதுங்கள் என்று ஆசிரியர் குழுவில் சொன்னபோது அவர்கள் மனதில் இருந்தது பன்றி. மரபணு திருத்திய பன்றியின் சிறுநீரகத்தை அமெரிக்காவில் மனிதருக்கே வைத்துப் பார்க்கிறார்கள். 2024 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தியது 130 நாள் வேலை செய்தது. பிறகு உடம்பு ஏற்கவில்லை என்று எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு 2022-ல் மேரிலாந்தில் பன்றி இதயம் வைக்கப்பட்டவர் இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். அட்டைப்படத்துக்குத் தோதான சமாச்சாரம்தான். ஆனால் அந்தமானில், மின்னி பேயில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபோது எனக்குக் கிடைத்தது பன்றி இல்லை, எலி.

மின்னி பே, போர்ட் பிளேயரின் ஓர் ஓரம். 2024 செப்டம்பரில் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. ஆட்டோக்காரர் வாயில் இன்னும் போர்ட் பிளேயர்தான். நான் பார்க்கப் போனவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். மனைவி கொடுத்த சிறுநீரகத்தோடு சில வருடங்களாக வாழ்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பழைய இரண்டையும் எடுக்காமல் அடிவயிற்றின் வலப்பக்கம் புதியதை வைத்துத் தைத்திருக்கிறார்கள். “கணக்குப் பாத்தா எனக்கு மூணு கிட்னி, தம்பி. இவளுக்குத்தான் ஒண்ணு” என்று சிரித்தார். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை தரும் நடுக்கம் அது. முன்பெல்லாம் மாலையில் தூண்டில் போடுவாராம். இப்போது முள்ளைக் கட்டும் நரம்பு விரலுக்குள் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கட்டிக் கொடுக்கிறான்.

காலை எட்டு, இரவு எட்டு. இந்தப் பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் அவர் வீடு ஓடுகிறது. சென்னை போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் காலை மாத்திரையைத் தள்ளிவைக்க வேண்டும். அடுத்த வேளை மருந்து உள்ளே போவதற்கு முன்னால், ரத்தத்தில் எவ்வளவு குறைந்து நிற்கிறது என்று பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார். கூடிப்போனால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். குறைந்துபோனால் உடம்பு வேற்று உறுப்பைக் கண்டுபிடித்துவிடும். நடுவில் இருக்கும் சந்து ரொம்பக் குறுகல்.

இந்த மாத்திரைகளின் பூர்வீகம் தெரிந்தால் கொஞ்சம் வியப்பாக இருக்கும். டாக்ரோலிமஸ், ஜப்பானில் ட்சுகுபா மலைப்பக்கத்து மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியில் 1984-ல் கிடைத்தது. அதற்கு முந்தைய தலைமுறையான சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டு மேட்டு நிலத்து மண்ணில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து வந்தது. 1983-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகுதான் உறுப்பு மாற்று என்பது எப்போதாவது பலிக்கும் சாகசம் என்ற நிலையிலிருந்து அன்றாடச் சிகிச்சையானது. மூன்றாவது ஒன்று இருக்கிறது, சிரோலிமஸ். பசிபிக் நடுவில் கிடக்கும் ஈஸ்டர் தீவுக்கு 1964-ல் போன கனடா நாட்டுக் குழு அள்ளி வந்த மண்ணில் அகப்பட்டது. அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் மண்ணை ராப்பா நூயி என்பார்கள். மருந்தின் முதல் பெயரான ராப்பாமைசின் அதிலிருந்துதான். 1954-ல் பாஸ்டனில் முதல் சிறுநீரக மாற்று வெற்றி பெற்றபோது கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே உருவ இரட்டையர். எதிர்ப்பு வரவே வழியில்லை. கணவனுக்கு மனைவி கொடுக்க முடிகிறது என்றால் அது இந்த மண்கள் போட்ட பிச்சை.

அந்தமான் மண்ணின் கதை வேறு. வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப்போல் இரண்டு மடங்கு. மே மாதம் தென்மேற்கில் பிடிப்பது, வடகிழக்கையும் சேர்த்துக்கொண்டு டிசம்பர் வரை விடாது. ஈரம் காயாத மண்ணில் எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் வழியாக வந்து சேரும் லெப்டோஸ்பைரா கிருமி வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் ஒரு சிறு வெடிப்பு போதும். நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதுதான். 1931-லேயே டெய்லர், கோயல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தமானின் எலிக்காய்ச்சலைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்கள். பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1988 முதல் வடக்கு அந்தமானில் டிக்லிபூர்ப் பக்கம் மழை முடியும் சமயமெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. நுரையீரலில் ரத்தம் கசிந்து ஆட்கள் செத்தார்கள். என்னவென்று தெரியாமல் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று பெயர் மட்டும் வைத்தார்கள். 1993-ல் வந்த அலையை ஆராய்ந்தபோதுதான் அதே பழைய எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

இந்தக் கிருமி உடம்பில் குடியேற விரும்பும் இடம் சிறுநீரகம்.

சாதாரண ஆளுக்கே ஆபத்து என்றால், எதிர்ப்புச் சக்தியைத் தானே மருந்து போட்டு அடக்கி வைத்திருப்பவருக்கு? இதைக் கேட்கத் தொடங்கியதிலிருந்து எனக்குப் பன்றியும் மறந்துபோயிற்று, மற்றப் புதுமைகளும் மறந்துபோயின. வேலை செய்கிற ஒரே சிறுநீரகத்தில் வந்து உட்காரும் காய்ச்சல் அது. முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்கால் சதையில் தொட முடியாத வலி. ரத்தம் பார்த்தால், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியாட்டினின் ஏறியிருக்கும். இங்கேதான் சிக்கல். கிரியாட்டினின் ஏறினால் மாற்று உறுப்பு டாக்டருக்கு முதலில் தோன்றுவது ரிஜெக்‌ஷன்: உடம்பு உறுப்பைத் தள்ளுகிறது. அதற்கு வைத்தியம், ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றி எதிர்ப்புச் சக்தியை இன்னும் அமுக்குவது. எலிக்காய்ச்சலுக்கு வைத்தியம் நேர் எதிர்: அமுக்கியதைத் தளர்த்தி, ஆன்டிபயாடிக் கொடுப்பது. ஒரே எண், இரண்டு நோய், ஒன்றின் மருந்து மற்றதற்கு விஷம். கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் பொருளைத் தேடும் சோதனை முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்பில் இன்னும் தாமதமாகலாம். கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனைதான் அந்த முதல் நாட்களில் உதவும்.

சென்னையில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘காய்ச்சல் 101, கிரியாட்டினின் 2.3’ என்று போனால் அவர் முதலில் எதை நினைப்பார்? சேற்றில் நின்றீர்களா என்று கேட்கத் தோன்றுமா? மின்னி பேக்காரர் தன் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி பர்ஸில் வைத்திருக்கிறார். அவர் போட்டுக்கொள்ளும் மருந்து, கடைசி கிரியாட்டினின், கீழே கொட்டை எழுத்தில், ‘அந்தமான்வாசி, காய்ச்சல் வந்தால் லெப்டோ பார்க்கவும்’. எனக்குத் தெரிந்து இந்தத் தீவுக்குத் தேவையான உறுப்பு மாற்றுப் புதுமை அந்தத் தாள்தான். செலவு ஒரு பேனா.

விசித்திரம் என்னவென்றால், இந்த ஒரு விஷயத்தில் சென்னையைவிட போர்ட் பிளேயர் வசதியான ஊர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் 1983 முதல் இங்கே இருக்கிறது, டாலிகஞ்சில். எலிக்காய்ச்சல் ஆராய்ச்சியில் நாட்டுக்கே அது தலைமை இடம். வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் நோய் தடைபடுமா என்று வடக்கு அந்தமான் மக்களிடமே சோதித்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். தொற்று நிற்கவில்லை, ஆனால் படுக்கையில் விழுந்தவர்கள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். இது நல்ல உடம்புக்காரர்களிடம் பார்த்த முடிவு. அதைப் படித்துவிட்டு மாற்று உறுப்புக்காரர்கள் தாமாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கடை என்றதும் நினைவு வருகிறது. காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் நின்று மாத்திரை கேட்பது நம் பழக்கம். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் மளமளவென்று ஏறும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் என்றால் அது நேராகச் சிறுநீரகத்தின் மேலேயே கைவைக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ தலைகீழ், டாக்ரோலிமஸைக் கரைத்துவிடும். பம்ப்ளிமாஸ் பழம்கூட ஆகாது. “பாரசிட்டமால் தவிர எதையும் தொடமாட்டேன். கடைக்காரர் கோவிச்சுக்கறார்” என்றார்.

அவருடைய தற்காப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாசலில் முழங்கால் உயர கம்பூட் ஒரு ஜோடி, காலணி மாட்டும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு கண்ணாடி. ஸ்டீராய்டால் சர்க்கரையும் வந்துவிட்டதால் பாதத்தில் காயம் பட்டாலும் உறைப்பதில்லை. கொல்லையில் நான்கு தென்னை. எலி ஓட்டை போட்ட குரும்பைகள் மழைநீரோடு கீழே கிடந்தன. அவர் அந்தப் பக்கம் போவதில்லை. குடிப்பது கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். மருந்துப் பட்டையை அலுமினிய உறையிலிருந்து முன்கூட்டி எடுப்பதில்லை, இந்த ஊர் ஈரத்தில் கேப்சூல் பிசுபிசுத்துப்போகும். அலமாரியில் எப்போதும் ஒரு மாதத்துக்கு மேல் கையிருப்பு. புயல் அடித்தால் கப்பலும் நிற்கும், விமானமும் நிற்கும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு கிடைக்கும் என்று தீவில் இருந்தபடியே காத்திருப்பது அதனால்தான் கஷ்டம். தென் மண்டலப் பட்டியலில் அந்தமானும் சேர்த்திதான். சொந்த மாநிலத்தில்தான் பதிய வேண்டும் என்ற நிபந்தனையும் 2023-ல் போயிற்று. ஆனால் ‘கிட்னி வந்திருக்கு, உடனே வாங்க’ என்று நள்ளிரவில் போன் வந்தால் காலை விமானம்வரை என்ன செய்வது? சென்னையில் வாடகைக்கு வீடெடுத்து மாதக்கணக்கில் தங்க வசதி வேண்டும். 2008-ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தில் என்னவெல்லாம் மாறியது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாற்றம் கடல் தாண்டும்போது வேகம் குறைந்துவிடுகிறது. தீவுக்காரர் வீட்டுக்குள்ளேயே ஆள் தேடுகிறார். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி இணையக் கம்பி வந்த பிறகு டாக்டரை வீடியோவில் பார்ப்பதாவது சுலபமாகியிருக்கிறது.

இத்தனையும் கேட்டுவிட்டு, சென்னையில் தெரிந்த ஒரு சிறுநீரக டாக்டரிடம் பேசினேன். எலிக்காய்ச்சலைப் பற்றி இவ்வளவு பதற வேண்டாம், மாற்று உறுப்புக்காரர்களை அதிகம் படுத்துவது சிறுநீர்த் தொற்றும் காசநோயும்தான் என்றார். சரியாகத்தான் இருக்கும். அவர் மழைக்காலத்தில் மின்னி பேயில் இருந்ததில்லை.

திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோதே கொல்லைப்பக்கம் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. குச்சியை எடுத்துக்கொண்டு போனவர் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிட்டவர். வெறுங்காலோடு. கம்பூட் அவர் அளவில் வாங்கவில்லை. குரும்பை பொறுக்குவது, குப்பை கொட்டுவது, பக்கத்து வீட்டு ஆட்டை விரட்டுவது எல்லாம் அவர்தான். ஒரே சிறுநீரகத்தோடு அந்தச் சேற்றில் நிற்பது அவர்தான் என்பது அதுவரை எனக்கே உறைக்கவில்லை.

1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் 29,000-க்கும் மேல் ஆண்களுக்கு. பெண்களுக்குக் கிடைத்தது 6,945. உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 42 நாள் சிறப்பு விடுப்பு என்று 2023-ல் உத்தரவு வந்தது. அடுப்படிக்கு அந்த உத்தரவு பொருந்தாது. கொடுத்தவர்களும் ஆயுள் முழுக்க வருஷம் ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்க்க வேண்டும். காலைக் கழுவிக்கொண்டு வந்த அக்காவிடம் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஆபரேஷன் முடிந்த வருஷம் என்றார்.

“அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப இவளுக்கும் சேத்து எடுத்துரணும்” என்றார் கணவர்.

இதற்கு ஊருக்குப் போக வேண்டியதில்லை, விமானமும் வேண்டாம், இங்கேயே எந்த லேபிலும் அரை மணி நேர வேலை என்றேன்.

“பாக்கலாம் தம்பி. மொதல்ல இவருக்கு எட்டு மணி மாத்திரை” என்று அக்கா உள்ளே போனார்.