தோற்றதாக நம்பிய ஆட்டம்

1997-ஆம் வருஷம் மே மாதம், நியூயார்க் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தார் நிர்மாணித்த டீப் ப்ளூ என்ற கணிப்பொறி, சதுரங்க உலகின் சக்கரவர்த்தியாக விளங்கிய காரி காஸ்பரோவை ஆறு ஆட்டங்கள் கொண்ட பந்தயத்தில் 3½-க்கு 2½ என்ற கணக்கில் ஜயித்தது. முந்திய வருஷந்தான் அதே யந்திரத்தின் பூர்வ உருவத்தைப் பிலடெல்பியாவில் 4-க்கு 2 என்று முறியடித்திருந்தவர் அவர். ஆகையால், மனித புத்தியே தலைவணங்கிவிட்டதுபோல் உலகம் அந்தச் செய்தியைக் கேட்டுத் திகைத்ததில் வியப்பில்லை. ஆயினும் அந்தப் பந்தயத்தை ஆட்டம் ஆட்டமாகக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு, வெற்றி தோல்விக் கணக்கைவிடக் கவலைக்குரிய விஷயம் ஒன்று அதனுள் இருப்பது புலனாகும்.

யந்திரம் ஆடும் முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். சதுரங்கத்தில் நிகழக்கூடிய ஆட்டங்களின் தொகை, 1-க்குப் பின் 120 பூஜ்யங்கள் இட்டால் வரும் எண்ணை ஒத்தது என்று அமெரிக்கக் கணித மேதை கிளாட் ஷானன் 1950-ல் மதிப்பிட்டார். இவ்வளவையும் பார்த்து முடிக்க எந்த யந்திரத்தாலும் ஆகாது. ஆகவே அது, தன் நகர்த்தலும் அதற்கு எதிரியின் பதிலுமாகச் சிறிது தூரம் சென்று, அங்கே காணும் நிலை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, அவற்றுள் மேலானதை நோக்கிக் காயை நகர்த்துகிறது. டீப் ப்ளூ விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை இவ்வாறு சோதிக்க வல்லது. ஆனால் எந்த நிலை நல்லது, எது தீயது என்று அதற்குப் போதித்தவர்கள், அதனை வடிவமைத்த எஞ்சினீயர்களும் அவர்களுக்குத் துணைநின்ற கிராண்ட்மாஸ்டர்களுமே.

மே 4-ஆம் தேதி நடந்த இரண்டாம் ஆட்டத்துக்கு வருவோம். சிப்பாய் கிடைக்குமென்றால் கணிப்பொறி பேராசையோடு பாயும் என்பது அக்கால ஆட்டக்காரர்களின் அனுபவம். அந்த ஆசையைக் காஸ்பரோவ் காட்டிய தருணத்தில், டீப் ப்ளூ அதை உதறிவிட்டு, பக்குவம் பெற்ற மனிதனொருவன் ஆடுவதுபோல், அவருடைய காய்கள் அசைய இடமின்றி மெல்ல மெல்ல நெருக்கியது. மனம் கலங்கிப்போன சாம்பியன், யந்திரத்தின் 45-ஆவது நகர்த்தலைக் கண்டதும், தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். ராணியை முன்னே செலுத்தி, எதிரியின் ராஜாவுக்கு ஓயாமல் செக் வைத்து, ஆட்டத்தை டிராவாக்க அவருக்கு வழியிருந்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் எடுத்துக் காட்டினார்கள். யந்திரமும் அந்த வழியைத் தவறவிட்டிருந்தது! இத்தனை ஆழமாக ஆடும் ஒன்று தப்பிக்கும் சந்து எதையும் விட்டுவைத்திராது என்று நம்பியதனாலேயே, உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் அதைத் தேடிப் பார்க்கவும் இல்லை.

இன்றுள்ள யந்திரங்களுக்கு எதிரே அப்படிப்பட்ட சந்து கிடைப்பது அருமை. 2017-ல் லண்டனிலுள்ள டீப்மைண்ட் நிறுவனத்தாரின் ஆல்பாஸீரோ, விதிகளை மட்டும் அறிந்துகொண்டு, மனிதர்களின் ஆட்டம் ஒன்றையேனும் பாராமல், தன்னோடு தானே திரும்பத் திரும்ப ஆடிக் கற்று, நான்கு மணி நேரத்துக்குள் அந்நாளின் மிகச் சிறந்த நிரலான ஸ்டாக்ஃபிஷை விஞ்சும் தேர்ச்சி அடைந்தது. அதனோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28-ஐ வென்றது, ஒன்றையும் தோற்கவில்லை. ஸ்டாக்ஃபிஷ் விநாடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்க்க, இதுவோ 80,000 நிலைகளையே பார்த்தது. எவற்றைப் பார்க்கத் தேவையில்லை என்பதை அது கற்றுக்கொண்டிருந்தது. என் அபிப்பிராயத்தில், இந்த மாறுதல் டீப் ப்ளூவின் வெற்றியைக் காட்டிலும் பெரிது.

இருந்தும் சதுரங்கம் அழிந்துவிடவில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தவறாக நகர்த்திய அந்தக் கணத்திலேயே, கணிப்பொறியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தவர்களெல்லாம் அது பிழையென்று அறிந்துவிட்டார்கள். அவரை எதிர்த்து ஆடிய சென்னை இளைஞர் குகேஷ் மட்டும் அதைத் தம் கண்ணால் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் கண்டுபிடிப்பாரா என்ற தவிப்புக்காகவே ஜனங்கள் பார்த்தார்கள். அவருடைய இளமைக்கால ஆசானான விஷ்ணு பிரசன்னா, மாணவன் நன்கு தேறும்வரை கணிப்பொறியின் துணையின்றியே பயிற்சி அளித்தவர் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

சதுரங்கம் பிழைத்திருப்பதைச் சான்றாகக் கொண்டு, மற்றத் துறைகளிலும் மனிதனுக்குக் குறைவு வராது என்று சமாதானம் அடைகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. சதுரங்கத்தில் பிழை செய்தவன் தானே தோற்கிறான். பார்ப்பவர்களுக்கு அந்தப் பிழையும் ரசமாகவே இருக்கிறது. வைத்தியரின் போராட்டத்தை ரசிக்க எந்த நோயாளியும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை; வியாதியை அவரைவிட யந்திரம் சரியாகக் கண்டறியுமானால், அதை வரவேற்பதே தர்மம். டீப்மைண்டை நிறுவியவர்களுள் ஒருவரும், சிறுவயதில் சதுரங்கத்தில் பெயர்பெற்றவருமான டெமிஸ் ஹசாபிஸ், புரதங்களின் வடிவத்தைக் கணித்துக் கூறும் ஆல்பாஃபோல்டுக்காக 2024-ல் ரசாயன நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த யந்திரம் சொல்லும் வடிவம் மெய்யா என்பதைப் பரிசோதனைச் சாலையில் சோதித்துப் பார்க்கலாம். சதுரங்கத்தில் ராஜா விழுந்தானா இல்லையா என்று பார்ப்பதுபோல் அதற்கும் ஒரு புறச்சான்று உண்டு.

அத்தகைய புறச்சான்று கிடைக்காத இடங்களும் உண்டு. அமெரிக்க நீதிமன்றங்கள் சிலவற்றில், ஜாமீன் கேட்டு நிற்பவன் வெளியே போனால் மறுபடி குற்றம் செய்வானா என்பதற்கு ஒரு நிரல் மதிப்பெண் இடுகிறது. அபாயகரமானவன் என்று கருதி உள்ளே அடைக்கப்பட்டவன், வெளியே விட்டிருந்தால் ஒழுங்காக இருந்திருப்பானா என்பதை எந்தச் சோதனையால் அறிவது? நீதிபதியும் கைதியும், அந்த எண்ணைக் கண்டதும், காஸ்பரோவைப்போல், வேறு வழியைத் தேடாமலே எழுந்துவிடக்கூடும். காஸ்பரோவாவது, சந்தேகம் வந்தவுடன், யந்திரத்தின் கணக்குப் பதிவுகளைக் காட்டும்படி கேட்டார். பந்தயம் முடியும்வரை அவை அவருக்குக் கிடைக்கவில்லை, பிற்பாடுதான் வெளியாயின. விளையாட்டில் அந்தத் தாமதத்தைப் பொறுக்கலாம். ஒரு மனிதனுடைய சுதந்திரத்தை நிர்ணயிக்கும் மதிப்பெண்ணோ, எந்தக் காரணங்களால், எந்தப் பழைய வழக்குகளைக் கொண்டு இடப்பட்டது என்ற விவரத்துடன், தீர்ப்புக்கு முன்பாகவே அவனுடைய வக்கீலின் கையில் சேர வேண்டும். அவ்வாறு விவரம் தர இயலாத யந்திரம் எத்தனை சாமர்த்தியமுள்ளதானாலும் அதை நீதிமன்றத்துக்குள் அனுமதிக்கலாகாது.