கண்ணில் குறையில்லை, பார்வையில் மங்கல்

கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து செங்குத்தான மலையேறும் ஓர் இளம் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஏற ஏற அவளது ஒரு கண் புகைபடர்ந்தாற்போல் மங்குகிறது. சற்றே அமர்ந்து உடற்சூடு தணிந்ததும் பார்வை தெளிகிறது. காண்போர் களைப்பு என்பர். சிலர் வேலைக்கஞ்சிய பாசாங்கு என்றும் பழிப்பர். ஆனால், இத்தகைய மங்கலை ஜெர்மானியக் கண் வைத்தியர் ஊட்ஹொஃப் என்பார் 1890 ஆம் ஆண்டிலேயே ஒரு நோயின் குறியாக விவரித்துள்ளார்.

அந்நோயின் பெயர் மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ். 1868 இல் பிரெஞ்சு வைத்தியர் ஷார்கோ அதனைத் தெளிவுற வரையறுத்தார். மின்கம்பிக்கு இறப்பர் உறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கும் மயலின் என்னும் உறை உண்டு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவ்வுறையைப் பகைவனெனக் கருதி அரித்துவிடுகிறது. கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பில் இது நிகழுமாயின், கண் பழுதின்றியிருந்தும் காட்சி மூளையைச் சரிவரச் சென்றடையாது. உறையிழந்த நரம்பு, உடற்சூடு சிறிது ஏறினாலும் மேலும் தளர்கிறது. மலையேற்றத்தில் பார்வை மங்குவதன் காரணம் இதுவே.

இதன் அடையாளங்கள் யாவை? பெரும்பாலும் ஒரு கண்ணே பாதிக்கப்படும். விழியை அசைத்தால் வலிக்கும். சில நாட்களுக்குள் பார்வை குன்றும். கண்களை மாறிமாறி மூடிச் சிவப்புச் சேலையொன்றைப் பார்த்தால், நோயுற்ற கண்ணுக்கு அது வெளிறித் தோன்றும். மூக்குக்கண்ணாடியால் இக்குறை தீராது. வேறு சிலருக்குப் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதும், ஆடுவதுபோல் தோன்றுவதும் உண்டு.

பலருக்குச் சில வாரங்களில் பார்வை பெரும்பாலும் மீள்கிறது. 1992 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நரம்பூசி வழியாக ஏற்றும் ஸ்டீரொயிட் மருந்து குணமடைதலை விரைவாக்கும் எனக் காட்டியது. தானே தெளியும் பார்வைக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்கலாம். அதே நோயாளரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியபோது, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் உறுதியாயிற்று. மங்கிய பார்வை, பின்வரும் நோயின் முதல் அறிவிப்பாக இருக்கலாம். அந்நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அன்றியும், இதனையொத்த நியூரோமைலிட்டிஸ் ஒப்டிகா என்னும் நோயில் தாமதம் நிரந்தரக் குருட்டில் முடியக்கூடும்.

பூமத்தியரேகையை அண்டிய நம் நாட்டில் இது அரிய நோயே. பார்வை மங்கல் யாவும் இதுவென அஞ்சவேண்டியதில்லை. வெண்படலமும் நீரிழிவுமே மிகுதி. எனினும், அரிதென்பதாலேயே இது கவனிக்கப்படாமற் போகலாகாது. ஒரு கண் வலியுடன் சில நாட்களில் மங்கினால், லயத்திலேயே நாட்கடத்தாது, டிக்கோயா அல்லது நுவரெலியா வைத்தியசாலையை அன்றே நாடுங்கள். ஏறும்போது கண் மங்குகிறதென ஒருத்தி சொன்னால், அவளைப் பழிக்குமுன் நம்புங்கள்.