மதிப்பெண் ஒன்று, மனநிலை இரண்டு

காலாண்டுத் தேர்வில் கணக்கில் 28 மதிப்பெண். விடைத்தாளை வாங்கிய மாணவி, 'எனக்கு எதுவுமே வராது' என்று தலைகவிழ்ந்து உட்காருகிறாள். அதே 28 வாங்கிய பக்கத்து மாணவியோ, எங்கே தவறினோம் என்று தாளைப் புரட்டுகிறாள். மதிப்பெண் ஒன்றுதான், மனநிலை மட்டும் ஏன் வேறு?

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1955 முதல் வளர்த்தெடுத்த பகுத்தறிவுவழி உளச்சிகிச்சை இதற்கு விளக்கம் தருகிறது. நிகழ்வு, அதைப் பற்றிய நம்பிக்கை, விளைவு என்று அவர் மூன்றாகப் பிரித்தார். நடுவிலுள்ள நம்பிக்கையே துயரத்தைப் பெருக்குகிறது. எனவே அதைக் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டும் என்றார்.

அந்த மாணவியிடம் 'கவலைப்படாதே' என்று சொல்லிவிட்டு நகராமல், மூன்று கேள்விகள் கேட்கலாம். எதுவுமே வராது என்பதற்குச் சான்று என்ன? சரியாகப் போட்ட கணக்குகள் எவை? அடுத்து எதைக் கற்றால் மதிப்பெண் கூடும்? விடைகளை அவளே தாளிலிருந்து எடுத்துச் சொல்லட்டும். வருத்தம் முழுவதும் மறைந்துவிடாது. மறைய வேண்டியதும் இல்லை. ஆனால், 'எதுவுமே வராது' என்பது 'பின்னக் கணக்கில் பயிற்சி போதவில்லை' என்று சுருங்கும். பயிற்சிக் குறைவைச் சரிசெய்ய வழி உண்டு.

'இந்த வகுப்பு திருந்தவே திருந்தாது' என்று நாம் சலித்துக்கொள்ளும் நாளில், இதே கேள்விகளை நம்மிடமும் கேட்டுப் பார்ப்போம்.